மாடத்துப் புறாவும் கூண்டுக் கிளியும்

வளர்த்த பறவை கூண்டை விட்டுப் பறந்துவிட்டால் திரும்பி வருமா என்று கேட்டால், பாசமாக வளர்த்திருந்தால் வரும் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். வராத பறவையை நன்றிகெட்டது என்று திட்டுவதும் உண்டு. காஞ்சிபுரத்தையும் அதைச் சூழ்ந்த தொண்டை மண்டலத்தையும் வைத்துப் பறவை வளர்ப்பின் பழைய வரலாற்றைப் பார்த்தால் இந்த விடை நிற்பதில்லை. பறவை ஆளைத் தேடி வருவதைவிட இடத்தைத் தேடியே வருகிறது. அதுவும் வெளியே இருந்தும் மேலே இருந்தும் தானே பார்த்துப் பழகிய இடமாக இருந்தால்தான் வருகிறது. இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பறவைகளை வாட்டும் செல், உண்ணி, ஈ, குடற்புழு ஆகியவற்றில் பெரும்பகுதி அதன் உடம்போடு நிற்பவை அல்ல. அது அடையும் இடத்தின் விரிசல்களிலும் எச்சக் குவியலிலும் குடியிருப்பவை. பறவையைத் திரும்ப அழைக்கும் இடமே அதற்கு நோய் வைத்திருக்கும் இடமாகவும் ஆகிவிடுகிறது. இதனால்தான் பழைய வளர்ப்பாளர்கள் பறவைக்கு மருந்து கொடுத்ததைவிட அதன் இருப்பிடத்துக்கு மருந்து போட்டது அதிகம். அந்த முறையின் குறைகளை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம்; அதில் இருந்த அறிவைத்தான் கைநழுவ விட்டுவிட்டோம் என்பது என் கருத்து.

காஞ்சியில் கிளிக்கு உள்ள இடம் பழமையானது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மறையோர் ஊர் ஒன்றைக் காட்டுகிறது. அந்த வீடுகளில் கோழியும் நாயும் நெருங்குவதில்லை. ஆனால் கிளிக்கு மறையோசை கற்றுத்தரப்படுகிறது. வீட்டுக்குள் எந்த உயிர் வரலாம், எது வரக்கூடாது என்று அன்றே ஒரு கணக்கு இருந்திருக்கிறது, அந்தக் கணக்கில் கிளி உள்ளே இருந்திருக்கிறது. காமாட்சியின் கரும்பு வில்லோடு சேர்த்து நாம் நினைப்பதும் கிளியைத்தான். காஞ்சிப் பட்டின் புட்டாக்களில் கிளி, அன்னம், மயில் ஆகியவை முன் நிற்கின்றன. கரைகளுக்கு மயில்கண், குயில்கண் என்று பறவையின் கண்ணை வைத்தே பெயர். புறாவுக்கு இந்த வரிசையில் சிறப்பான இடம் கிடைக்கவில்லை. அழகுக்கும் பேச்சுக்கும் கிளியைத் தேர்ந்தெடுத்த ஊர் இது. ஆனால் வெளியே போய்த் திரும்பி வரும் பறவை எது என்ற கேள்விக்கு, தறியில் ஏறாத அந்தப் புறாவிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

மாடப்புறா அடிப்படையில் பாறைப் பறவை. செங்குத்தான பாறைச் சரிவின் பிளவுகளில் கூடு வைத்து, காலையில் இறங்கி வயல்வெளியில் மேய்ந்து, மாலையில் அதே பிளவுக்கு ஏறிவருவது அதன் இயல்பு. மனிதன் மாடம் வைத்துக் கட்டிய நாள் முதல் புறாவுக்கு அந்தக் கட்டடமும் ஒரு பாறைதான். 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 190 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. சமவெளியில் இருக்கும் காஞ்சிக்கு அது ஒரு செயற்கை மலை. அதன் நிலைகளிலும் சுதைச் சிற்பங்களின் இடுக்குகளிலும் புறாவுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடையிலேயே வீட்டில் உறையும் செங்கால் புறா, குளிரில் இரை தேடக்கூட இறங்காமல் மாடத்தில் ஒடுங்கியிருப்பது பேசப்படுகிறது. யாரும் பிடித்து அடைக்காமலே மனிதன் கட்டிய இடத்தைத் தன் இடமாக எடுத்துக்கொண்ட பறவை அது. கூண்டு வைத்துப் புறா வளர்ப்பது பிறகு வந்த கலை என்று கொள்ளலாம். அந்தக் கலை புறாவுக்குத் திரும்பி வரக் கற்றுத்தரவில்லை, அதனிடம் ஏற்கெனவே இருந்த குணத்தை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

பயன்படுத்தியதற்கான சான்றுகள் நீண்ட காலத்துக்குப் பரவியிருக்கின்றன. எல்லையில் பகைவர் நடமாட்டம் தெரிந்தால் முத்திரையிட்ட செய்தியை அரண்மனைப் புறாக்கள் மூலம் அரசனுக்கு அனுப்பவேண்டும் என்று அர்த்தசாஸ்திரம், மேய்ச்சல் நிலங்களைக் கண்காணிக்கும் அதிகாரியின் கடமைகளில் ஒன்றாக விதிக்கிறது. அக்பரிடம் 20,000-க்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததையும், அவை வானத்தில் கரணம் போடப் பழக்கப்பட்டதையும் அபுல் ஃபசல் அயினி அக்பரியில் எழுதிவைத்தார். இதே அக்பரின் புறாக்களை 1859-இல் சார்லஸ் டார்வின் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் இயலிலேயே குறிப்பிடுகிறார். அந்த ஆய்வுக்கு வேண்டிய புறாத் தோல்களை இந்தியாவிலிருந்து அனுப்பியவர் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தவராக நாம் அறிந்த அதே எலியட்தான், 1770-இல் எழுதப்பட்ட பாரசீகப் புறா நூல் ஒன்றையும் டார்வினுக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார். லண்டனில் டார்வினின் காலத்துப் புறாப் பிரியர்களுக்குள் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பகுதிப் பட்டு நெசவாளர்களுக்குத் தனிப் பெயர் உண்டு. வீட்டிலேயே தறி, வேலையும் வீட்டிலேயே என்பதால் கூரைக்கடியில் பறவைகளை வைத்து நாள் முழுவதும் கவனிக்க அவர்களால் முடிந்தது. தறியோடு வாழும் காஞ்சியின் பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காரணம் உடனே விளங்கும்: பறவை வளர்க்கப் பணத்தைவிட வீட்டில் இருக்கும் ஆள்தான் தேவை.

புறாவின் திரும்பும் திறனை நம் காலம் வரை அரசே நம்பியிருந்தது. ஒடிசா காவல்துறை 1946-இல் ராணுவத்திடமிருந்து புறாக்களைப் பெற்றுத் தொடங்கிய புறா அஞ்சல், 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் வரை நடந்தது. 1948-இல் சம்பல்பூரிலிருந்து நேரு அனுப்பிய செய்தியை ஒரு புறா கட்டாக்குக்கு எடுத்துப் போனது. புறா எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் துண்டுதுண்டாக விடுவித்தார்கள். சூரியனின் நிலையைக் காலத்தோடு பொருத்தித் திசை அறிவதை ஜெர்மனியின் குஸ்தாவ் கிராமர் காட்டினார். மேகமூட்டமான நாளில் காந்தம் கட்டப்பட்ட புறாக்கள் தடுமாறுவதை அமெரிக்காவின் வில்லியம் கீட்டன் 1971-இல் வெளியிட்டார். காற்றில் வரும் வாசனைகளைக் கொண்டு புறா தன் ஊரின் திசையைக் கணிக்கிறது என்று இத்தாலியின் ஃப்ளோரியானோ பாபி வாதிட்டார். இதில் எது முதன்மை என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் புறா வளர்ப்பவர்களுக்கு நடைமுறையில் தெரிந்த ஒன்றை எவரும் மறுக்கவில்லை. குஞ்சாக இருக்கும்போது கூண்டின் கம்பி வழியே சுற்றுப்புறத்தைப் பார்த்து, பிறகு கூரை மேல் உட்கார்ந்து, பிறகு வீட்டைச் சுற்றி வட்டமிட்டுப் பழகிய புறாவுக்கே அந்த வீடு வீடாகிறது. வளர்ந்த ஹோமர் வகைப் புறா ஒன்றை விலைக்கு வாங்கி எத்தனை மாதம் தீனி போட்டாலும் திறந்துவிட்ட அன்று அது பழைய கூண்டுக்கே போய்விடும். அதனால்தான் அப்படி வாங்கிய ஜோடியை வெளியே விடாமல் குஞ்சு எடுக்க மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பாசம்தான் காரணம் என்றால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது.

கிளியின் நிலை வேறு. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் சின்னக் கிளிகளும் காக்டெயில் கிளிகளும் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்தவை. மழை பெய்த இடம் நோக்கிக் கூட்டமாக நகர்ந்துகொண்டே இருப்பது அங்கு அவற்றின் வாழ்க்கை. ஓரிடத்துக்கே மாலைதோறும் திரும்புவது அவற்றின் உடலில் எழுதப்பட்ட பழக்கம் அல்ல. போதாததற்கு, கடையில் முட்டையிலிருந்து வெளிவந்து அறைக்குள்ளேயே வளர்ந்த பறவை தான் இருந்த வீட்டை வெளியிலிருந்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பயந்து வேகமாகப் பறந்து நாலு தெரு தாண்டிவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பது முன்பின் தெரியாத ஊர். நம் பச்சைக்கிளிக்கு அடையும் இடம் உண்டு. நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே மரத்தில் இரவைக் கழித்து மறுநாளும் அங்கேயே வரும். ஆனால் அந்த மரம் கூட்டம் தேர்ந்தெடுத்தது, வளர்த்தவர் தேர்ந்தெடுத்தது அல்ல. 1974-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு கேளிக்கைப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 40 கிளிகள் வெளியே விடப்பட்டன. அவை பனி விழும் அந்த நாட்டிலேயே மரப்பொந்து பிடித்து ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழி வந்த பச்சைக்கிளிகள் இன்று ஊர்ப்பறவைகள். கிளி எங்கே போனாலும் புதிதாக ஒரு வீடு அமைத்துக்கொள்ளும். புறா பழைய வீட்டைத் தேடும்.

பறந்துபோன கிளி இரண்டு நாள் கழித்து ஜன்னலில் வந்து உட்கார்ந்தது, கூப்பிட்டதும் தோளில் இறங்கியது என்ற செய்திகள் பொய்யா என்று கேட்கலாம். பொய் அல்ல. கிளிகளுக்கு மனிதக் குரலையும் முகத்தையும் பிரித்தறியும் ஆற்றல் சிறப்பாக இருக்கிறது. குரல் எட்டும் தொலைவுக்குள் இருந்தால் பசியும் தனிமையும் அதைத் தெரிந்த குரலுக்கு இழுத்துவரும். இதுவும் என் வாதத்துக்கே துணை செய்கிறது. அந்தப் பறவை வெகுதூரம் போகவில்லை, அறிந்த அடையாளம் ஒன்றின் எல்லைக்குள்ளேயே இருந்தது. வெளியே சுதந்திரமாகப் பறக்கப் பழக்கப்பட்ட பெரிய கிளிகள் திரும்புவதும் இப்படித்தான். புறாக் குஞ்சுக்குச் செய்வதுபோல, சிறு வயதிலிருந்தே படிப்படியாக இடத்தைக் காட்டிப் பழக்குகிறார்கள். இதையே தமிழ் மரபு வேறொரு வகையில் சொல்லிவைத்திருக்கிறது. பாரியின் பறம்பு மலையில் இருந்த குருவிகள் காலையில் போய் நெற்கதிர் கொண்டு மாலையில் மலைக்கே திரும்பின என்று அகநானூற்றின் 303ஆம் பாட்டு குறிப்பிடுகிறது. நடந்ததா என்பதை விட்டுவிடுவோம். அந்தக் கற்பனையில்கூடப் பறவைகள் போவதும் வருவதும் அடையும் மலையை மையமாக வைத்தே அமைந்திருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

இடத்தைக் காத்தால் பறவை வரும் என்பதற்குத் தொண்டை மண்டலத்திலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வேடந்தாங்கலில் ஊரார் எந்தப் பறவையையும் வளர்க்கவில்லை, அடைக்கவில்லை. ஏரியையும் அதில் நின்ற கடம்ப மரங்களையும் காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் செங்கல்பட்டுக்குப் போய் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமையை ஒப்புக்கொள்ளும் கவுல் என்னும் உறுதிப்பத்திரம் ஒன்றை 1798-இல் பெற்றார்கள். காஞ்சி வரதராஜர் கோயிலுக்கு ஆபரணம் கொடுத்தவராகவும் மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சன்னிதிக்குத் திருப்பணி செய்தவராகவும் நினைவுகூரப்படும் அதே பிளேஸ் துரைதான். ஊராருக்கு இதில் லாபமும் இருந்தது. ஆயிரக்கணக்கான நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஏரித் தண்ணீரில் இடும் எச்சம் அப்படியே பாசனத்தோடு நெல்வயலுக்கு உரமாகப் போனது. லாபம் கலந்திருப்பதால் அந்த அன்பு குறைந்ததென்று நான் நினைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆண்டுதோறும் பருவத்துக்குத் திரும்பிய பறவைகளில் ஒன்றுக்கும் அங்கே சொந்தக்காரர் இல்லை, இடத்துக்குத்தான் காவலர் இருந்தார்கள்.

இனி நோய்க்கு வருவோம். புறாக் கூண்டிலும் கோழிக் கூண்டிலும் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செல் பகலில் பறவையின் மேல் இருக்காது. பலகை இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறிவரும். குடித்துவிட்டு மீண்டும் இடுக்குக்குப் போய் முட்டையிடும். ரத்தம் கிடைக்காமலே பல மாதம் தாக்குப்பிடிக்கும். பகலில் பறவையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் செல் இல்லை என்று முடிவு கட்டுகிறவர் ஏமாந்துபோவது இதனால்தான். புறா ஈ இறகுக்குள் ஓடி ஒளிந்தாலும் அதன் கூட்டுப்புழுப் பருவம் கழிவது கூட்டுக் குப்பையில். இந்த ஈயே புறாவின் ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணி ஒன்றை ஒரு பறவையிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது என்று அல்ஜீரியாவில் செர்ஜான் சகோதரர்கள் 1906-இல் நிறுவினார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1898-இல், கல்கத்தாவில் ரொனால்டு ராஸ் மலேரியா கொசு வழியாகப் பரவும் முழுச் சுற்றையும் கண்டதே குருவிகளை வைத்துத்தான். நோயுற்ற குருவியைக் கடித்த கொசு நல்ல குருவியைக் கடித்தபோது நோய் வந்தது. குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை எச்சத்தோடு வெளியே விழுந்த உடனே தொற்றாது. ஈரமும் வெப்பமும் உள்ள தரையில் ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் முதிர்ந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அதற்குள் எச்சத்தை அள்ளிக் கொட்டிவிட்டால் சுழற்சி அறுந்துபோகும். ரத்தக்கழிச்சல் தரும் கிருமிக்கு இரண்டே நாள் ஈரம் போதும். இவை ஒவ்வொன்றின் கணக்கும் இருப்பிடத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை நுண்ணோக்கி இல்லாமலே பழைய வளர்ப்பாளர்கள் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது விரிசலை அடைக்கும், ஈரத்தை உறிஞ்சும். தரையில் சாம்பல் தூவுவார்கள். பறவை அதில் புரண்டு இறகு உதறும்போது நுண்தூள் பூச்சியின் மேற்தோலை உரசி அதை உலர்த்திவிடும். வசம்பைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பது, வேப்பிலையைப் புகைப்பது, கூட்டில் பழைய வைக்கோலை எரித்துவிட்டுப் புதிது போடுவது ஆகியவை கிராமங்களில் இன்றும் உண்டு. காலில் செதில் தடித்துப் பொருக்குத் தட்டினால் வேப்பெண்ணெய் பூசுவார்கள். தோலுக்குள் துளைத்து வாழும் நுண்செல்லுக்கு எண்ணெய் மூச்சுவழியை அடைத்துவிடுவதால் இது ஓரளவு பலன் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ என்னால் முடியாது. பூண்டும் மஞ்சளும் கொடுத்தால் குடற்புழு முழுவதும் போய்விடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. புகை அளவு மீறினால் பறவையின் மென்மையான நுரையீரலைக் கெடுக்கும். ஆனால் மருந்தின் வீரியத்தை மட்டும் எடைபோட்டு இந்த முறையை ஒதுக்குவது தவறு. அதன் பலம் வேம்பிலோ வசம்பிலோ மட்டும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது கூண்டைக் காலி செய்து சுரண்டிக் கழுவிக் காயவைக்க அது ஆளைக் கட்டாயப்படுத்தியது.

இறகுப் பேன் வாழ்நாள் முழுவதும் பறவையின் உடலிலேயே இருக்கிறதே, முகச் செல் தோலுக்குள் இருக்கிறதே, குடலில் இருக்கும் புழுவுக்குச் சுண்ணாம்பு என்ன செய்யும் என்பது நியாயமான ஆட்சேபம். இங்கே மருந்து வேண்டும், நல்ல மருந்தும் இருக்கிறது. ஜப்பான் மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து வில்லியம் கேம்பல் குழுவினர் உருவாக்கிய ஐவர்மெக்டின் 1981-இல் கால்நடை மருத்துவத்துக்கு வந்தது. அதற்காக இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. சின்னக் கிளியின் அலகைச் சுற்றித் தேன்கூடு போலப் பொருக்குத் தட்டும் நோய்க்கு இதைவிடச் சிறந்த மருந்து அரிது. ஆபத்து இருப்பது அளவில். மாட்டுக்கும் ஆட்டுக்கும் விற்கப்படும் 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் உண்டு. பறவைக்கு வழக்கமான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். 35 கிராம் எடையுள்ள சின்னக் கிளிக்கு வேண்டியது 0.007 மில்லிகிராம். நீர்க்காத மருந்தில் ஒரே ஒரு சொட்டு வைத்தாலும் ஏறக்குறைய 70 மடங்கு போய்விடுகிறது. ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தில் கொஞ்சம் புறாவுக்கும் ஊற்றுவது இதைவிடப் பரவலான பழக்கம். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் போன்றவை புறா இனத்தின் எலும்பு மஜ்ஜையையும் குடலையும் தாக்கிக் கொன்றுவிடக்கூடியவை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1903-இல். கைக்கெட்டும் தொலைவில் நூறாண்டுக்கு மேற்பட்ட மருத்துவக் கல்வி இருந்தும் கடைக்காரரின் கைக்கணக்கை நம்பி ஒரு சின்ன உயிரின் மேல் சொட்டு வைப்பது வருத்தத்துக்குரியது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சரியான அளவில் கொடுத்துப் பறவை தேறினாலும் கூண்டின் இடுக்கில் இருக்கும் சிவப்புச் செல் அப்படியே இருக்கும். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு மீண்டும் ஏறும். பழைய முறையும் புதிய மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டி என்று நினைப்பதால்தான் இரண்டின் பலனும் கிடைக்காமல் போகிறது.

ஒரு விலங்குக்குக் கொடுத்த மருந்து இன்னொரு பறவையைக் கொல்லும் என்பதற்கு இந்த மண்டலத்தில் ஒரு துயரமான பின்னணி உண்டு. திருக்கழுக்குன்றத்தின் மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பூசாரியின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு போவது நூற்றாண்டுகளாக நடந்த வழக்கம். அவை மஞ்சள்முகப் பாறு என்னும் இனம். யாரும் கட்டிவைக்காமல் ஒரே வேளைக்கு ஒரே பாறைக்கு வந்த அந்தப் பறவைகளைவிட இடத்தின் இழுப்புக்குச் சிறந்த சான்று கிடைப்பது கடினம். 1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோனது. அதே காலத்தில் இந்தியா முழுவதும் பாறுகள் சரிந்து விழுந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்ததே முக்கியக் காரணம் என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. திருக்கழுக்குன்றத்து ஜோடியின் மறைவை இந்த ஒரே காரணத்தின் மேல் சுமத்துவது சரியாகாது. மேய்ச்சல் நிலமும் மலைச் சூழலும் மாறியிருந்தன. ஆனால் பாறை இருக்கிறது, பொங்கல் வைக்கக் கையும் இருக்கிறது, திரும்பி வர உயிர் மட்டும் இல்லை என்ற நிலையில் மருந்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது.

கோயில் பக்கமிருந்து எழும் ஆட்சேபம் வலுவானது. மாடத்துப் புறாவைப் புகழ்வது எளிது. அதன் எச்சத்தில் உள்ள அமிலம் சுதையையும் சுண்ணாம்புக் காரையையும் அரிக்கிறது, காய்ந்த எச்சத் தூசியில் மனித நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கிறது, ஆளில்லாமல் பெருகும் கூட்டம் நோயையும் பெருக்குகிறது. கைலாசநாதர் கோயில் போன்ற 8ஆம் நூற்றாண்டு மணற்கல் கட்டடத்துக்கு ஒவ்வொரு கறையும் இழப்புதான். இதை நான் ஏற்கிறேன். இடுக்குகளை வலை கட்டி மூடுவதில் எனக்கு மறுப்பில்லை. பொரியையும் தானியத்தையும் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கூட்டத்தைப் பெருக்குவதைப் புண்ணியமாகக் கருதும் பழக்கத்தை முதலில் நிறுத்தவேண்டும். இருப்பிடத்தைப் பேணுகிற பொறுப்பை ஏற்காமல் தீனி மட்டும் போடுவது பழைய வளர்ப்பு முறைக்கு நேர் எதிரானது. எத்தனை ஜோடி வைக்கலாம் என்பதைக் கூண்டின் அளவே முடிவு செய்தது அந்த முறையில். கோபுரத்துக்கு அப்படி அளவு சொல்ல யாரும் இல்லை.

சட்டமும் இப்போது கூண்டின் பக்கமிருந்து விலகிவிட்டது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதையும் விற்பதையும் வீட்டில் அடைப்பதையும் 1972-இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2022-இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பிறகு பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே பறந்துபோன பச்சைக்கிளியைத் தேடிப் பிடிப்பது பற்றிப் பேச்சே இல்லை. வெளிநாட்டு இனமான சின்னக் கிளியோ காக்டெயிலோ தப்பிவிட்டால் மேலே சொன்ன வரலாறு தரும் வழி எளிமையானது. அந்தப் பறவைக்கு வீட்டின் வெளித்தோற்றம் தெரியாது, தன் கூண்டு தெரியும். அதனால் கூண்டைக் கதவு திறந்து, பழகிய தீனியோடு மொட்டைமாடியில் மேலிருந்து தெரியும்படி வைக்கவேண்டும். ஜோடிப் பறவை இருந்தால் அதன் குரல் கேட்கும்படி பக்கத்தில் இன்னொரு கூண்டில் வைக்கவேண்டும். அந்தி சாய்வதற்குள் தேடுவதும் விடியற்காலையில் தேடுவதும் பலன் தரும், ஏனென்றால் அந்த வேளைகளில்தான் அது குரல் கொடுக்கும். திரும்பி வந்தால், காக்கையும் காட்டுப்புறாவும் உட்கார்ந்த கிளையில் அதுவும் உட்கார்ந்திருக்கும், அவற்றின் எச்சம் பட்ட தண்ணீரைக் குடித்திருக்கும் என்பதை மனத்தில் வைத்து, மற்றப் பறவைகளோடு உடனே சேர்க்காமல் ஒரு மாதமாவது தனியே வைக்கவேண்டும். கூண்டின் அடித்தட்டில் வெள்ளைத் துணியை இரவில் விரித்து, விளக்கை அணைத்துச் சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் நகரும் சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். குடற்புழு மருந்து கொடுப்பதற்கு முன் புது எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவமனையில் சோதிக்கச் சொல்லலாம். எந்தப் புழு, எந்த மருந்து, 35 கிராம் எடைக்கு எவ்வளவு என்பதை அந்தச் சோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்வார். அதுவரை செய்யவேண்டியது கூண்டைக் கழற்றிச் சுடுநீரில் கழுவி வெயிலில் காயவைப்பதுதான்.